நிழலிலிருந்து இதயத்தை அளந்த கணிதம்: எர்ணாகுளத்தில் பிறந்த விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரனின் வாழ்க்கை

கொச்சி (மட்டாஞ்சேரி): இதய நோயாளியின் கையில் தரப்படும் ஸ்கேன் அறிக்கை சில பக்கங்களுக்கு நீளக்கூடும். ஆனால், மருத்துவரின் கண் முதலில் தேடுவது பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பதைக் கூறும் எண் அது. மருத்துவர்கள் இதனை எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்கின்றனர். தமிழில் வெளியேற்ற விகிதம் எனலாம். அந்த விகிதம் 50-க்கு மேல் இருந்தால் ஒரு வகைச் சிகிச்சை, 40-க்குக் கீழே இறங்கினால் வேறு வகைச் சிகிச்சை. அது 35 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால், திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்கருவியை மார்பில் பொருத்தலாமா என்ற கேள்வி எழுகிறது. 34 என்பதற்கும் 37 என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, சிலருக்கு உயிர் தொடர்பானது.

எக்கோ பரிசோதனையில் தெளிவு கிடைக்காதபோது சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இந்த எண்ணைத் தருகின்றன. உடலைத் திறக்காமல், துடிக்கும் ஓர் உறுப்பின் கொள்ளளவை மில்லிலிட்டர் கணக்கில் அளப்பது எவ்வாறு சாத்தியமாயிற்று என்று தேடிச் சென்றால், வழியில் எதிர்ப்படும் பெயர்களுள் ஒன்று இதே கொச்சியில், காயலின் கிழக்குக் கரையில் பிறந்த ஒருவருடையது. கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், சுருக்கமாக ஜி.என்.ராமச்சந்திரன். புரதங்களின் கட்டமைப்பை ஆராய்ந்தவராக அறிவியல் உலகம் அவரை நன்கறியும். சி.டி. ஸ்கேன் கணிதத்தில் அவருக்குள்ள பங்கு, நகரின் ஸ்கேன் மையங்களில் நாள்தோறும் பயன்பட்டும் அதிகம் பேசப்படாத ஒன்று.

காயலின் இரு கரைகள்

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். அன்று கொச்சி என்பது இன்றுள்ளதைப் போன்ற ஒரே நகரம் அன்று. மேற்குக் கரையில் அரசர்களின் பழைய அரண்மனையும் மிளகு, இஞ்சிக் கிடங்குகளும் கொண்ட மட்டாஞ்சேரி வணிக நகரமாக இருந்தது. அதனை அடுத்த ஃபோர்ட் கொச்சி நேரடி பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. கிழக்குக் கரையிலிருந்த எர்ணாகுளம், கொச்சி சமஸ்தானத்தின் நிர்வாகத்துக்கும் கல்விக்கும் மையமாக விளங்கியது. இரு கரைகளுக்கும் இடையே இன்று பரந்து கிடக்கும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி அப்போது உருவாகவே இல்லை. துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி அத்தீவை எழுப்பும் பணி பின்னரே நடைபெற்றது. மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், ஃபோர்ட் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியானது 1967-ஆம் ஆண்டில்தான்.

குடும்பத்தின் பூர்வீகம் பெயரின் முதல் எழுத்திலேயே இருக்கிறது. கோபாலசமுத்திரம் என்பது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஊர். தந்தை நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த அக்கல்லூரியின் பாடத்திட்டமும் தேர்வுகளும் சென்னையிலிருந்தே வந்தன. ஆகவே, சமஸ்தானத்துக்குள் வாழ்ந்தாலும் அக்குடும்பத்தின் கல்வி உலகம் சென்னையை நோக்கியே அமைந்திருந்தது. மகனுக்குக் கணிதத்தில் ஏற்பட்ட பிடிப்புக்குத் தந்தையே முதற் காரணம் என்பது அவருடைய வாழ்க்கையை எழுதிய அனைவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

பள்ளிப் படிப்பை எர்ணாகுளத்தில் முடித்த ராமச்சந்திரன், திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்றார். 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். இயற்பியல் துறையில் அப்போது சர் சி.வி.ராமன் இருந்தார். அந்த மாணவர் மின்பொறியியலுக்குத் தேவைக்கு அதிகமான அறிவாளி என்று கூறி ராமன் அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார் என்பது, அக்கழகத்தில் இன்றும் வழங்கும் கதை. கதையின் சுவை ஒருபுறம் இருக்க, துறை மாற்றம் உண்மை. ஒளியியலிலும் படிகங்களின் எக்ஸ்ரே ஆய்விலும் அவருக்குப் பயிற்சி கிடைத்தது. 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்று, கேவண்டிஷ் ஆய்வகத்தில் பணிபுரிந்து 1949-இல் பிஎச்.டி. பட்டத்துடன் நாடு திரும்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே படிகவியல் என்பது, கண்ணால் காண முடியாத பொருளின் அமைப்பை அது சிதறடித்த கதிர்களைக் கொண்டு ஊகித்தறியும் கலை. விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பி நடக்கும் இந்தப் பழக்கம் அவருக்கு இருபது வயதுகளிலேயே படிந்துவிட்டது.

கிண்டியில் மூன்று இழைகள்

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் புதிய இயற்பியல் துறையைத் தொடங்கியது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் அதன் தலைமைப் பொறுப்பை முதலில் ராமனுக்கே அளிக்க முன்வந்தார். ராமன் அதனை ஏற்காமல் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். முப்பது வயதை ஒட்டிய ஓர் இளைஞரிடம் ஒரு துறையையே ஒப்படைத்தார் முதலியார். இந்திய அறிவியல் வரலாற்றில் நிர்வாகி ஒருவர் எடுத்த நல்ல முடிவுகளைப் பட்டியலிட்டால் இதற்கு முன்வரிசையில் இடமுண்டு.

அந்த ஆண்டில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி.பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னமும் தெளிவாகவில்லை என்று சுட்டிக்காட்டினார். தோல், எலும்பு, தசைநாண், இரத்தக்குழாய் என உடலைத் தாங்கி நிற்கும் இழைகள் அனைத்திலும் இருப்பது கொலாஜன். தோல் பதனிடும் தொழிலுக்கும் அதுவே அடிப்படை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே அடையாற்றில் அமைந்திருந்தது ஒரு நல்வாய்ப்பு. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்ரே படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து ராமச்சந்திரன் ஆராய்ந்தார். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் அமைப்பை 1954-இல் முன்வைத்தார்கள். அம்மூன்றும் கயிறு முறுக்குவதுபோல் மீண்டும் ஒன்றாக முறுக்கிக்கொள்கின்றன என்று 1955-இல் திருத்தி வெளியிட்டார்கள். சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியிலும் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசின் ஏன் வருகிறது என்பதற்கு இந்த அமைப்பு விடை தந்தது. மூன்று இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் வேறெதற்கும் இடமில்லை.

பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதனைக் கடுமையாக விமர்சித்தனர். சில அணுக்கள் இருக்கக் கூடாத நெருக்கத்தில் இருப்பதாகக் கூறி, பிணைப்புகளின் எண்ணிக்கையில் மாறுபட்ட அமைப்பை அவர்கள் முன்வைத்தனர். நுணுக்கங்களில் அவர்களுடைய திருத்தங்கள் நிலைபெற்றன. மூவிழைக் கயிறு என்ற அடிப்படைக் கருத்து சென்னையுடையதாகவே நின்றது. விமர்சனத்துக்கு ராமச்சந்திரன் அளித்த பதில்தான் சுவையானது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதை ஒரே வரைபடத்தில் அடக்கி 1963-இல் வெளியிட்டார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகப் பாடநூல்கள் குறிப்பிடுவது அதனைத்தான். புதிய புரதம் ஒன்றின் கட்டமைப்பைக் கண்டறிந்தவர், அது சரியானதா என்று சோதிக்க இன்றும் அந்த வரைபடத்தையே முதலில் நாடுகிறார்.

லட்சுமணசாமி முதலியார் 1969-இல் பதவியிலிருந்து விலகினார். அதையடுத்து ராமச்சந்திரனும் சென்னையை விட்டு நீங்கினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1971-இல் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை அவர் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் சிகாகோ பல்கலைக்கழகத்துடனும் அவருக்குத் தொடர்பு இருந்தது. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றை நிலைநிறுத்த வேண்டியிருந்த இந்த இடைவெளியில்தான், புரதங்களுக்கு நேர்த் தொடர்பில்லாத அந்தக் கட்டுரை பிறந்தது.

நிழலும் பொருளும்

சாதாரண எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். கதிர் செல்லும் பாதையில் உள்ள தோல், எலும்பு, நுரையீரல், இதயம் அனைத்தும் ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்து ஒரே கருமையாகத் தெரியும். எது முன்னால், எது பின்னால் என்று அதில் பிரித்தறிய இயலாது. ஆனால், பல திசைகளிலிருந்து நிழல்களைப் பதிவு செய்தால் பொருளின் உள்ளமைப்பை முழுமையாக மீட்கலாம் என்று ஆஸ்திரியக் கணிதவியலாளர் ஜோஹான் ராடான் 1917-லேயே நிறுவியிருந்தார். கணிதமாக அது முடிந்த கதை. நடைமுறையில், அளவெடுத்த எண்களைக் கொண்டு அன்றைய கணினியில் விரைவாகவும் பிழையின்றியும் கணக்கிடுவது எப்படி என்பதே சிக்கல். நிழல்களையெல்லாம் ஃபூரியே மாற்றம் என்னும் கணித உருவுக்குக் கொண்டுசென்று, அங்கே ஒன்றிணைத்து, மீண்டும் திருப்பிக் கொண்டுவருவது அப்போது அறியப்பட்டிருந்த வழி. அதற்குக் கணினி நேரமும் மிகுதி. இடைவெளிகளை ஊகித்து நிரப்புவதில் பிழைகளும் நுழைந்தன.

ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய ஏ.வி.லட்சுமிநாராயணனும் 1971 செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் இதழில் வெளியிட்ட கட்டுரை, ஃபூரியே மாற்றத்தைக் கணக்கிடாமலே அதே விடையை அடையும் வழியைக் காட்டியது. கன்வல்யூஷன் என்பது அந்த முறையின் பெயர். அதே ஆண்டில் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் ராமச்சந்திரன் எழுதிய மற்றொரு கட்டுரையின் தலைப்பைத் தமிழாக்கினால், நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல் என்று வரும். பொருள் என்ற சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் என்ற பொருளும் இருப்பதால், மூலத்தைவிட மொழிபெயர்ப்பில் அத்தலைப்புக்கு ஒரு சுவை கூடிவிடுகிறது.

முறையின் உட்கருத்து கடினமானதன்று. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசிக்கொண்டு வந்தால், பூச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பொருளின் உருவம் தோன்றும். ஆனால், அது மங்கலாக இருக்கும். ஒரு புள்ளி, புள்ளியாக நில்லாமல் விளக்கைச் சுற்றிய பனிமூட்டம்போல் பரவித் தெரியும். இதைத் தவிர்க்க, பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் செலுத்த வேண்டும். நிழலின் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் சொந்த அளவுக்கு 100 பங்கு கொடுத்தால், இருபுறமும் உள்ள முதல் அண்டைப் புள்ளிகளின் அளவில் ஏறத்தாழ 40.5 பங்கைக் கழிக்க வேண்டும். இரண்டாவது அண்டைப் புள்ளியைத் தொட வேண்டியதில்லை. மூன்றாவதில் 4.5 பங்கு, ஐந்தாவதில் 1.6 பங்கு என்று ஒற்றைப்படை இடங்களில் மட்டும் கழிவு குறைந்துகொண்டே செல்லும். கழிக்கும் பங்குகள் அனைத்தையும் முடிவின்றிக் கூட்டினால் இருபுறமும் சேர்ந்து சரியாக 100 வரும். அதாவது, எங்கும் ஒரே அளவாகப் படிந்த நிழல் இந்த வடிகட்டியைக் கடந்தால் மறைந்துவிடும். மாற்றம் உள்ள இடம் மட்டும் எடுப்பாக நிற்கும். இருவரின் பெயர்ச் சுருக்கத்தையும் சேர்த்து ராம்-லாக் வடிகட்டி என்று உலகெங்கும் வழங்கப்படுவது இதுவே.

இதில் மற்றொரு நடைமுறை நன்மையும் இருந்தது. எல்லா நிழல்களும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு திசையின் நிழல் பதிவானவுடனேயே அதனை வடிகட்டிப் பூசிவிட்டு, அடுத்ததற்கு ஆயத்தமாகலாம். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே படம் உருவாகத் தொடங்கிவிடும்.

யாருக்கு எவ்வளவு பெருமை

கட்டுரை வெளியான அடுத்த மாதமே, 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் உலகின் முதல் நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்த இயந்திரத்தை உருவாக்கியவர் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 180 திசைகளில், திசைக்கு 160 அளவுகள் வீதம் 28,800 அளவுகளை அது எடுத்தது. அவற்றிலிருந்து கிடைத்த மூளைப் படத்தில் 6,400 கட்டங்கள் இருந்தன. அவர் கையாண்ட கணக்கீட்டு முறை வேறு. படிப்படியாகத் திருத்தித் திருத்தி விடையை நெருங்கும் முறை அது. 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், 1963, 1964-ஆம் ஆண்டுகளில் அடிப்படைக் கணிதத்தை வெளியிட்டிருந்த ஆலன் கோர்மாக்குக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் ராமச்சந்திரன் என்றும், நோபல் பரிசு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்றும் அவ்வப்போது பேசப்படுவதுண்டு. அது சரியன்று, அவருக்கு நன்மை செய்வதும் அன்று. அவர் இயந்திரம் எதையும் கட்டவில்லை. கன்வல்யூஷன் வழியையுங்கூட, வானொலி வானியலில் 1967-லேயே பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் எடுத்தாண்டிருந்தனர். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் எக்ஸ்ரே படங்களுக்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் உரிய வகையில் அதனைத் தாமே வகுத்து, கணினியில் அப்படியே இடத்தக்க எளிய எண்களாக வடித்துத் தந்தனர். 1970-களின் நடுப்பகுதிக்குள் ஸ்கேன் இயந்திரங்கள் படிப்படியான திருத்த முறையைக் கைவிட்டு, வடிகட்டிப் பூசும் முறைக்கு மாறின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் சி.டி. இயந்திரங்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கணக்கீடுகளாலேயே இயங்கின. உண்மையான அளவிலேயே இது பெரிய பெருமை. கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையில்லை.

லட்சுமிநாராயணனின் பெயர் தமிழ்நாட்டில்கூட அரிதாகவே நினைக்கப்படுகிறது. ஒரே புள்ளியிலிருந்து விசிறிபோல் விரியும் கதிர்களுக்கு ஏற்ப இந்தக் கணக்கை விரிவுபடுத்தி, 1975-இல் அமெரிக்காவின் பஃபலோவில் அவர் ஓர் ஆய்வறிக்கை அளித்தார். பின்னர் வந்த இயந்திரங்கள் விசிறிக் கதிர்களையே பயன்படுத்தின என்பது குறிப்பிடத்தக்கது.

துடிப்பை நிறுத்தாமல் அளப்பது

தலையை அசையாமல் வைத்திருக்கச் சொல்லலாம்; இதயத்தை அவ்வாறு சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம், ஒரு துடிப்பை 0.83 வினாடியில் முடித்துவிடும். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரம் ஒரு ஸ்கேனுக்கு ஐந்து நிமிடம் வரை எடுத்துக்கொண்டது. ஆகவே, சி.டி. ஸ்கேன் வந்த பின்னும் இதயம் நெடுங்காலம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. அறிவியல் அதனை இரு வழிகளில் அணுகியது. ஒன்று, வேகம். இன்றைய இயந்திரங்கள் ஒரு சுற்றைக் கால் முதல் மூன்றிலொரு பங்கு வினாடிக்குள் முடிக்கின்றன. எதிரெதிர்த் திசைகளில் விழும் நிழல்கள் ஒன்றே என்பதால், அரைச் சுற்றின் தகவலே ஒரு படத்துக்குப் போதும். மற்றொன்று, ஒத்திசைவு. நோயாளியின் மார்பில் ஒட்டப்படும் ஈ.சி.ஜி. கம்பிகள், துடிப்பின் எந்தக் கட்டத்தில் எந்த நிழல் பதிவானது என்பதை இயந்திரத்துக்குத் தெரிவிக்கின்றன. ஒரே கட்டத்தைச் சேர்ந்த நிழல்களை மட்டும் தொகுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் இதயம் அந்தக் கட்டத்தில் உறைந்து நிற்கும். சி.டி.க்கு முன் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தரப்படுவது இதற்காகவே. அதனை வேறு நோய்க்கான மருந்து என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்துவதில்லை. காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அனுப்பும் வானொலி அலைகளே அதற்கு ஆதாரம். பால் லாட்டர்பர் 1973-இல் வெளியிட்ட முதல் எம்.ஆர்.ஐ. படமும் பல திசைகளில் பெற்ற நிழல்களிலிருந்தே மீட்டமைக்கப்பட்டது. பின்னர் அத்துறை பெரும்பாலும் ஃபூரியே வழிக்குச் சென்றுவிட்டது. ராமச்சந்திரன் சுற்றிக்கடந்த வழியே எம்.ஆர்.ஐ.க்கு இயல்பாகப் பொருந்தியது என்பதைப் பார்த்தால், கணிதத்தில் சிறந்த வழி என்று தனியாக ஒன்று இல்லை, எந்தக் கருவிக்கு எது என்பதே கேள்வி என்று தோன்றுகிறது.

படம் கிடைத்த பின் அளவெடுப்பது வீட்டுக் கணக்கைப் போன்றதே. இடது கீழறையை மேலிருந்து கீழாக ரொட்டித் துண்டுகளைப்போல் வெட்டிய படங்கள் திரையில் வரும். ஒவ்வொரு துண்டிலும் அறையின் உட்சுவரைக் கோடிட்டு அதன் பரப்பைக் கணக்கிட்டு, துண்டின் தடிமனால் பெருக்கிக் கூட்டினால் கொள்ளளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள பத்துத் துண்டுகள், சராசரிப் பரப்பு 15 சதுர சென்டிமீட்டர் எனில், கொள்ளளவு 120 மில்லிலிட்டர். இதயம் முழுமையாக விரிந்த நிலையில் இவ்வளவும், முழுமையாகச் சுருங்கிய நிலையில் 50 மில்லிலிட்டரும் இருந்தால், ஒரு துடிப்பில் வெளியேறியது 70. விகிதம் 58 விழுக்காடு. எக்கோ பரிசோதனையில் அறையின் வடிவத்தைப் பற்றிச் சில ஊகங்களைச் செய்ய நேர்வதுண்டு. இங்கே அவை தேவைப்படுவதில்லை. மாரடைப்பால் ஒருபுறம் வீங்கி உருக்குலைந்த இதயத்தில் இந்த வேறுபாடு பெரிதாகும். கொள்ளளவை அளப்பதில் எம்.ஆர்.ஐ. உரைகல்லாகக் கருதப்படுவதற்குக் காரணம் இதுதான். ஆனால், கோடு மங்கலாக விழுந்தால் எண் மாறும். முன்னர்க் கூறிய 34-ம் 37-ம் பிரிவது இந்த இடத்தில்தான். படத்தின் கூர்மை வெறும் அழகு அன்று.

வாழ்நாளில் ராமச்சந்திரன் செய்த இரு பெரும் பணிகளும் ஒன்றையொன்று அறியாமல் இதய ஸ்கேனில் சந்தித்துக்கொள்கின்றன. மாரடைப்பில் இறந்த தசை மீண்டும் தசையாக வளர்வதில்லை. அந்த இடத்தைத் தழும்பு நிரப்புகிறது. அந்தத் தழும்பின் பெரும்பகுதி கொலாஜன். 1950-களில் கிண்டியில் அவர் முறுக்கிக் காட்டிய அதே மூவிழைக் கயிறு. அது அறுந்து போகாத உறுதியைத் தருகிறது. சுருங்கி விரியும் ஆற்றல் மட்டும் அதற்கில்லை. கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்திச் சில நிமிடங்கள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், நலமான தசையிலிருந்து மருந்து நீங்கிவிட்டிருக்கும். தழும்பில் தங்கி நின்று வெண்மையாக ஒளிரும். தசையின் தடிமனில் எத்தனை பங்கைக் கொலாஜன் பிடித்துக்கொண்டது என்பதைப் பார்த்து, அடைபட்ட குழாயைத் திறந்தால் அந்தப் பகுதி மீண்டும் இயங்குமா என்பதை மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர்.

கேரளத்தின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 2003-இல் எர்ணாகுளத்தில்தான் நடைபெற்றது. இன்று மட்டாஞ்சேரியிலிருந்து படகிலோ பாலம் வழியாகவோ அக்கரைக்குச் செல்லும் இதய நோயாளிகளுக்கு இவ்வகை ஸ்கேன்கள் புதியவை அல்ல.

இறுதி ஆண்டுகள்

1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி ராமச்சந்திரனைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1961-லேயே அவர் பட்நாகர் விருது பெற்றிருந்தார். பிற்காலத்தில் அவர் மனம் தர்க்கவியலின் பக்கம் திரும்பியது. இந்தியத் தத்துவ மரபின் ஸ்யாத்வாதத்தையும் நியாயத்தையும் அணிக் கணிதத்தின் மொழியில் எழுத முயன்றார். உயிர் இயற்பியல் அன்பர்களுக்கு அது வியப்பளித்தது. உறுதியாகச் சொல்லக்கூடியதையும் உறுதியற்றதையும் எப்படிக் கணக்கில் கொள்வது என்ற கேள்வி அவருக்குப் புதியதன்று என்பதை எண்ணினால் அந்த வியப்பு குறையும். கர்நாடக இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது.

1945-இல் அவர் மணந்த ராஜலட்சுமி 1998-இல் காலமானார். அந்த இழப்பு அவரைத் தளர்த்தியது. பார்க்கின்சன் நோயும் சேர்ந்துகொண்டது. 1999-இல் சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் தன் உயரிய எவால்ட் பரிசை அவருக்கு அறிவித்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் தமது 78-ஆம் வயதில் அவர் மறைந்தார். சென்னையிலுள்ள தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம், அவருடைய மூவிழைக் கயிற்றின் நினைவாக டிரிபிள் ஹீலிக்ஸ் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரே சுற்றில் 64 துண்டுகளைப் படமெடுத்து, ஒரு சில துடிப்புகளுக்குள் இதயம் முழுவதையும் காட்டும் சி.டி. இயந்திரங்கள் 2004-இல்தான் சந்தைக்கு வந்தன. அவற்றைக் காண அவர் இருக்கவில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கணினிகள் பன்மடங்கு வேகம் பெற்றுவிட்டதால், ஹவுன்ஸ்ஃபீல்ட் முதலில் கையாண்ட திருத்தித் திருத்தி நெருங்கும் வழி புதிய வடிவில் திரும்பி வந்துள்ளது. குறைந்த கதிர்வீச்சில் தெளிவான படம் தருவதால் இதய ஸ்கேன்களில் அது பரவி வருகிறது. செயற்கை நுண்ணறிவு முறைகளும் நுழைந்துவிட்டன. புதிய முறை ஒன்றின் தரத்தை நிறுவ முற்படும் ஆய்வுக் கட்டுரைகள், அதனை ஒப்பிட்டுக் காட்டுவதற்கு இன்னமும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது வடிகட்டிப் பூசும் பழைய முறையைத்தான்.